அறுபத்தைந்தாம் எண் டோக்கன்

தா வாரி மாவட்ட மருத்துவமனை,
புறநோயாளிகள் பிரிவு.
புதன், 23 ஜூலை, பௌத்த ஆண்டு 2557

தம்பிச் சாமிக்கு,

மூன்று வாரம் முன்புவரை உங்களை "டேய் தவளை" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அம்மா வைத்த செல்லப் பெயர் அது. இப்போது மூன்று மாத மழைக்கால நோன்புக்குத் தலையை மழித்துக் காவி உடுத்தி மலைமேல் உட்கார்ந்துவிட்டீர்கள். தவளை என்றால் எனக்குப் பாவம், சொல்லாவிட்டால் வயிறு எரிகிறது. ஆகவே மரியாதையாகவே திட்டுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

தாங்கள் செய்து கொடுத்த டோக்கன் பெட்டி இன்றைக்கு என் மானத்தை வாங்கிவிட்டது.

போன புதன் சர்க்கரை நோய் டாக்டர் வெளியூர் போய்விட்டதால் இன்றைக்கு இரண்டு வாரத்துக் கூட்டம். மணல்திட்டிலிருந்து முதல் படகிலேயே துவாங் மாமா வந்துவிட்டார். காலில் புண். கட்டுப் போட்டு, நனையாமலிருக்க மேலே பிளாஸ்டிக் பை சுற்றியிருந்தார். பொத்தானை அழுத்திச் சீட்டை வாங்கி என்னிடம் காட்டினார். "பிகுன், பாத்தியா, ஒண்ணு! எழுபது வயசுல நான் எதுலயும் ஒண்ணாவதா வந்ததில்லம்மா!"

டாக்டர் வார்டிலிருந்து இறங்கி வர ஒன்பதரை ஆனது. அதுவரை ஒருவரையும் அழைக்கவில்லை. கூடத்தில் கால் வைக்க இடமில்லை. டாக்டர் உட்கார்ந்ததும் அழைக்கும் பொத்தானை அழுத்தினேன். பெட்டி சொல்கிறது: "காத்திருப்போர் யாரும் இல்லை."

எதிரே அத்தனை ஜனம் உட்கார்ந்திருக்கிறது! அடப்பாவமே என்று விழித்துக்கொண்டு நிற்கிறேன். அந்த நேரம் பார்த்து ஊர்த்தலைவர் மனைவி சுவன்னி காரிலிருந்து இறங்கி, விசிறிக்கொண்டே வந்து ஒரு சீட்டு எடுத்தார். நான் மறுபடி அழுத்தினேன். தேன் ஒழுகும் குரலில் பெட்டி கூப்பிட்டது: "எண் அறுபத்தைந்து, இரண்டாம் அறைக்கு வரவும்."

கூடமே திரும்பிப் பார்த்தது. பிறகு மீன் விற்கும் பெண் ஒருத்தி உரக்கச் சொன்னாள்: "அடேயப்பா! யாருக்குக் கும்பிடு போடணும்னு பொட்டிக்குக்கூடத் தெரிஞ்சிருக்குடி!" அத்தனை பேரும் சிரித்தார்கள். சுவன்னி அம்மா ஒன்றும் அறியாதவராக உள்ளே போனார். அடுத்து வந்த நாலு பேரையும் வந்த கையோடு உள்ளே கூப்பிட்டது. காலையிலிருந்து இருந்தவர்கள் அப்படியே இருந்தார்கள். நான் பிளக்கைப் பிடுங்கினேன்.

அப்புறம் வாயாலேயே "ஒண்ணு, ஒண்ணாம் நம்பர்" என்று மூன்று தடவை கூப்பிட்டேன். யாரும் வரவில்லை. துவாங் மாமாவின் நாற்காலியில் சீட்டு மட்டும் மடித்தபடி இருந்தது. பக்கத்தில் இருந்தவர் சொன்னார்: "படகுத்துறைக்குப் போயிட்டாரு. 'பொட்டிக்கு ஆள் தெரியுதுப்பா, மணல்திட்டுக்காரன்னு கண்டுபிடிச்சிடுச்சு'ன்னுட்டுப் போனாரு."

அந்தக் காலோடு நடந்து போயிருக்கிறார், சாமி.

இந்தப் பெட்டி யாருக்காக வந்தது? செருப்பை வைத்து இடம் பிடிக்கும் செருப்பு வரிசை இருந்தபோது பக்கத்துத் தெருக்காரர்கள் விடியும் முன்பே நாலு ஜோடியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். படகில் வருகிறவர் செருப்பு என்றைக்கும் கடைசி. நேரில் வந்தவருக்கு மட்டும் சீட்டு, முதலில் வந்தவர் முதலில் உள்ளே என்று இயக்குநரிடம் நான்தான் வாதாடினேன். இப்போது நான் தலைவர் வீட்டுக்கு வேண்டியவளாம், நான்தான் பெட்டியை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தேனாம்.

நீங்கள் துறவு பூணும் முன்பு, "கூட்டம் அதிகமான ஒரு நாள்ல ஓட்டிப் பாத்துட்டுப் போடா" என்று கெஞ்சினேன். "அக்கா, மொதல்ல வந்தவன் மொதல்ல போவான், அவ்ளோதான் விஷயம். காலேஜ்ல ரெண்டாவது மாசமே சி மொழியில எழுதிப் பழகற சமாச்சாரம்" என்றீர்கள். அன்றைக்கு முறைத்துக்கொண்டு போனவர்தான். இப்போதாவது பேசுங்கள்.

அக்கா,
பிகுன்


மலைக்காட்டு விகாரை
27 ஜூலை 2557

உபாசகி அக்காவுக்கு ஆசி உண்டாகட்டும்.

அம்மா உணவு படைக்க வந்தபோது கடிதத்தைத் தந்தார். ஆத்மா நலம். இங்கே 'நான்' என்று சொல்லக்கூடாது, 'ஆத்மா' என்றுதான் சொல்ல வேண்டும். சிரிக்க வேண்டாம்.

இங்கேயும் எல்லாம் வரிசைதான். துறவு பூண்ட நேரப்படிதான் உட்கார வேண்டும். அதே காலையில் கால்மணி முன்னதாகப் பூண்ட இருபது வயதுக்காரர், முப்பத்தொரு வயது ஆத்மாவுக்கு மூத்தவர். ஆத்மாதான் கடைசி. சோற்றுக் கூடை இங்கே வந்து சேரும்போது சுட்ட மீன் எல்லாம் முன்வரிசையிலேயே தீர்ந்திருக்கும். ஒட்டரிசிச் சோறும் மிளகாய்த் துவையலும் மிஞ்சும். நாவை அடக்க நல்ல பயிற்சி.

பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். அதற்குள் எழுதி வைத்த கணினி நிரலில் பிழை இருக்க வாய்ப்பில்லை. உள்ளே அறுபத்துநான்கு கட்டங்கள். தலை என்று ஒரு குறி, வால் என்று ஒரு குறி. புதிதாக வருகிறவரின் எண் வால் நிற்கும் கட்டத்தில் விழும், வால் ஒரு கட்டம் தள்ளிப் போகும். நீங்கள் அழைத்தால் தலை நிற்கும் கட்டத்தில் உள்ள எண் வெளியே வரும், தலை ஒரு கட்டம் தள்ளிப் போகும். கடைசிக் கட்டம் தாண்டினால் சுற்றிக்கொண்டு முதல் கட்டத்துக்கு வந்துவிடும். நடுவில் இருப்பவர் யாரும் இடம் மாற வேண்டியதில்லை. தலையும் வாலும் ஒரே கட்டத்தில் நின்றால் வரிசை காலி. இதில் தப்பு எங்கே வரும்? யாராவது காலால் பிளக்கைத் தட்டியிருப்பார்கள்.

துவாங் மாமாவும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம். உபாசகி அக்காவும் கோபத்தைக் குறைத்துக்கொண்டால் உறக்கம் நன்றாக வரும்.

கச்சோன் பிக்கு


தா வாரி
2 ஆகஸ்ட் 2557

டேய் தவளை,

பாவம் வந்தால் வரட்டும், நான் சுமந்துகொள்கிறேன். பொறுத்திருக்கலாமா? காலில் புண்ணோடு முதல் படகில் வந்தவர் இன்னும் எவ்வளவு பொறுக்க வேண்டும் என்கிறாய்? உறக்கம் வருமாம், உறக்கம்! ஆத்மாவாம், ஆத்மா!

பிளக்கை யாரும் தட்டவில்லை. என் கண்ணால் பார்த்தேன்.

இயக்குநர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கத்தவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "பிகுன், அன்னையர் தின லீவு முடிஞ்சு பதிமூணாம் தேதி புதன்கிழமை. கூட்டம் தாங்காது. அன்னிக்கு ஒழுங்கா ஓடிச்சுன்னா இருக்கட்டும். இல்லேன்னா பொட்டி கிடங்குக்குப் போகட்டும், இனிமே இந்தப் பேச்சே வேணாம்" என்றார்.

அதுவரை பழையபடி செருப்பு வரிசை. கூடம் பெருக்கும் புவா அக்காவுக்கு ஒரே கொண்டாட்டம், தன் ராஜ்ஜியம் திரும்பக் கிடைத்துவிட்டது. சுவரோரம் இருபது டைல்ஸ், டைல்ஸுக்கு ஒரு ஜோடி. முதல் ஜோடிக்காரர் மாட்டிக்கொண்டு உள்ளே போனால் மற்ற செருப்புகளை அவள் நகர்த்துவதில்லை. அந்தக் கோடியில் இடம் தீர்ந்ததும், புதிதாக வருகிறவரை மறுபடி வாசலோரத்து டைல்ஸிலிருந்து வைக்கச் சொல்கிறாள். நீ தலை, வால் என்று பெரிதாக எழுதினாயே, அதே சங்கதி. அவள் எந்தக் காலேஜுக்கும் போனதில்லை.

ஆனால் அதிலும் ஒரு சண்டை. கூட்டம் எவ்வளவு இருந்தாலும் ஒரு டைல்ஸைக் காலியாகவே விடுகிறாள். இருபதில் பத்தொன்பது ஜோடிதான், மீதிப் பேர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும். நேற்று ஒருவர் அந்தக் காலி இடத்தில் வைக்கப் போனார். விளக்குமாற்றைத் தூக்கிவிட்டாள். "அங்க வைக்காதய்யா! அதையும் ரொப்பிட்டா எது மொத ஜோடி, எது கடைசி ஜோடின்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது? உங்க அப்பனா வந்து சொல்லுவான்?" இடத்தை வீணடிக்கிறாளே என்று எனக்கே எரிச்சலாக வந்தது.

மணல்திட்டுக்குப் படகுக்காரனிடம் சொல்லி அனுப்பினேன். "செருப்பும் வேணாம், சீட்டும் வேணாம், மஞ்சள அரைச்சு வெச்சுக் கட்டிக்கறேன்" என்றாராம் துவாங் மாமா. சர்க்கரைக்காரர் காலில் மஞ்சள் கட்டினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த மாதிரிக் கால்களை நான் தினமும் பார்க்கிறேன்.

பெட்டி போனால் போகட்டும். அவர் திரும்பி வர வேண்டும். நான் ஏமாற்றவில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

பிகுன்


மலைக்காட்டு விகாரை
5 ஆகஸ்ட் 2557

அக்கா,

ஆத்மா என்று எழுதக் கை வரவில்லை. நான்தான். தப்பு என்னுடையதுதான்.

உன் கடிதத்தில் புவா அக்கா விளக்குமாற்றைத் தூக்கிய இடம் வந்ததும் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் பாம்பு வந்துவிட்டது என்று நினைத்துத் தானும் எழுந்து நின்றார்.

கேள். வரிசை காலியாக இருந்தால் தலையும் வாலும் ஒரே கட்டத்தில் நிற்கும். இது எனக்குத் தெரியும். ஆனால் அறுபத்துநான்கு கட்டமும் நிரம்பினால்? வால் ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி தலை நிற்கும் கட்டத்திலேயே நிற்கும்! காலியாக இருந்தாலும் அதே நிலை, கழுத்துவரை நிரம்பி வழிந்தாலும் அதே நிலை. என் நிரலுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. சரியாக அறுபத்துநான்கு பேர் காத்திருந்தபோதுதான் யாரும் இல்லை என்று சொல்லியிருக்கிறது.

அடுத்து வந்த சுவன்னி அம்மாவின் அறுபத்தைந்தை எங்கே எழுதியது தெரியுமா? துவாங் மாமாவின் ஒன்று இருந்த கட்டத்தில். அழித்துவிட்டு அதன் மேலேயே. அதனால்தான் அவரை முதலில் கூப்பிட்டது. பிறகு வந்த ஒவ்வொருவரும் முன்னால் வந்த ஒவ்வொருவரை அழித்திருக்கிறார்கள். தலைவர் மனைவி, மணல்திட்டுக்காரர் என்றெல்லாம் பெட்டிக்குத் தெரியாது. ஆனால் மாமாவை வெளியே தள்ளியது பெட்டிதான், அதைத் தள்ளச் சொல்லிக் கொடுத்தவன் நான். பொறுத்திருக்கலாம் என்று வேறு எழுதினேனே! நினைக்க நினைக்க நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

புவா அக்கா வழிதான் சரி. ஒரு கட்டம் எப்போதும் காலி. வால் அடுத்த அடி வைத்தால் தலையை மிதிக்கும் என்றால், அதோடு நிரம்பிவிட்டது, நிறுத்து.

தலைமைத் துறவியிடம் நிரல் எழுத அனுமதி கேட்டேன். "பென்சில்தானே? எழுதிக்கோ. தப்ப மட்டும் எழுது, பெருமைய எழுதாத" என்றார். என் மடிக்கணினி வீட்டில் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அதில் khao என்ற பகுதியை முழுக்க அழித்துவிட்டு, இதை எழுத்துக்கு எழுத்து அப்படியே அடி:

int khao(int n)
{
    int t = (hang + 1) % 64;
    if (t == hua) return 0;
    thaeo[hang] = n;
    hang = t;
    return 1;
}

khao உள்ளே போவது, hua தலை, hang வால், thaeo வரிசை. நம் வீட்டுப் பேச்சுதான், பயப்படாதே. எப்படிப் பெட்டிக்குள் ஏற்றுவது என்று பின்பக்கம் படம் போட்டிருக்கிறேன். காய்கறி வண்டிக்காரர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடு.

தம்பி


தா வாரி
9 ஆகஸ்ட் 2557

தம்பி,

உன் தப்பை நீயே சொன்னதும் என் கோபத்தில் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை உன் கணினி கிளப்பிவிட்டது. ஒரே ஒரு அரைப்புள்ளியை விட்டுவிட்டேன், அதற்குப் பதினோரு குற்றப் பட்டியல்! எங்கள் தலைமை நர்ஸே தேவலை. நாலாவது தடவையில்தான் வாயை மூடிக்கொண்டது.

நேற்று மாலை கூடத்தில் ஒத்திகை பார்த்தோம். நானும் புவா அக்காவும் மருந்தகத்துப் பெண்களும். பொத்தானை அழுத்தி அழுத்திச் சீட்டெடுத்து நாற்காலிக்கு ஒன்றாக வைத்தோம். அறுபத்து மூன்று சீட்டு. அழைத்தேன். "எண் ஒன்று" என்றது! புவா அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவளுடைய காலி டைல்ஸ்தான் பெட்டியைக் காப்பாற்றியது என்று சொன்னேன். "பின்ன? இத்தன நாளா எவனாவது கேட்டீங்களா?" என்றாள்.

ஆனால் ஒன்று எனக்குப் பிடிக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கி அறுபத்துநான்காவது தடவை அழுத்தியபோது பெட்டி ஊமையாக இருந்துவிட்டது. சீட்டும் இல்லை, சத்தமும் இல்லை. நீ சொன்னபடி நிறுத்தியது, சரி. பொத்தானை அழுத்திய மனிதன் என்ன செய்வான்? இன்னும் இரண்டு தடவை அழுத்திப் பார்ப்பான், நாலு பேர் பார்க்கிறார்களே என்று கூச்சப்படுவான், படகுத்துறைக்குப் போய்விடுவான். ஒரு துவாங் மாமாவை மீட்டுவிட்டு இன்னொருவரை வழியனுப்பவா?

நிரம்பிவிட்டால் நிரம்பிவிட்டது என்று அது வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அது முடியுமா, முடியாதா?

பன்னிரண்டாம் தேதி எனக்கு விடுமுறை. மணல்திட்டுக்கு நானே போகிறேன். நீ ஏதாவது எழுதித் தருவதானால் தா.

அக்கா


மலைக்காட்டு விகாரை
11 ஆகஸ்ட் 2557

அக்கா,

முடியும். இதை நான்தான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். உனக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை.

நிரலில் 64 என்று இருக்கும் இடத்தில் எல்லாம் 256 என்று மாற்று. மூன்று இடம், தேடிப் பார். ஒரு கட்டம் காலி போக இருநூற்று ஐம்பத்தைந்து பேர். அவ்வளவு பேர் வந்தால் கூடத்தின் கூரையே தாங்காது. அப்படியும் நிரம்பினால், சீட்டுக் கொடுக்கும் இடத்தில் khao(n); என்ற வரி இருக்கும். அதை இப்படி மாற்று:

if (!khao(n)) rakhang();

உள்ளே இடம் கிடைக்காவிட்டால் மணி அடி என்று அர்த்தம். rakhang என்ற பகுதி முன்பே இருக்கிறது, காலையில் பெட்டி தொடங்கும்போது அடிக்கிறதே, அதே மணிதான். மணி கேட்டால் நீயோ புவா அக்காவோ போய் அவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெட்டியால் முடியாததை மனிதர் செய்யட்டும்.

மாமாவுக்கு ஒரு தாள் உள்ளே இருக்கிறது. காவி உடுத்தியவன் இல்லறத்தாரைக் கும்பிடக்கூடாது என்று விதி. மன்னிப்புக் கேட்கக்கூடாது என்று எந்த விதியும் இல்லை, கேட்டுப் பார்த்துவிட்டேன். அவருடைய எண்ணை அழித்தது நான்தான், நீ இல்லை என்று எழுதியிருக்கிறேன். இங்கே வரிசையில் நான் கடைசி, மீன் வந்து சேர்வதில்லை என்பதையும் எழுதினேன். அதைப் படித்தாவது சிரிக்கட்டும்.

தம்பி


தா வாரி
புதன், 13 ஆகஸ்ட் 2557

தம்பி,

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் கண்டுகொள்ளாதே.

நீ சொன்ன 256-ஐயும் மணியையும் பெட்டிக்குள் ஏற்றிவிட்டு, நேற்று மணல்திட்டுக்குப் போனேன். துவாங் மாமா வலை பின்னிக்கொண்டிருந்தார். காலை என்னிடம் காட்டவில்லை. உன் தாளைப் படித்துக் காட்டினேன், அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. கட்டங்கள், தலை, வால் எல்லாவற்றையும் மணலில் குச்சியால் போட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "அப்ப என்னைத் தெரிஞ்சு தள்ளலயா?" என்றார். "இல்ல மாமா. அதுக்கு யாரையும் தெரியாது." "உன் தம்பி எழுதுனதா இது?" "ஆமா." "சாமியே தப்பு எம்மேலன்னு எழுதிருக்கே" என்று தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வருகிறேன் என்று சொல்லவில்லை.

காலையில் முதல் படகில் அவர் இல்லை. எனக்கு உயிரே போய்விட்டது. இரண்டாவது படகில் வந்தார். முப்பத்தெட்டாம் எண் சீட்டு. போன தடவை மாதிரி என்னிடம் காட்டவில்லை, கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்தார்.

டாக்டர் இன்றைக்கும் தாமதம். அறுபத்து மூன்று. அறுபத்துநான்கு. இயக்குநர் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அறுபத்தைந்தை ஒரு பள்ளிக்கூட வாத்தியார் எடுத்தார். சுவன்னி அம்மா இன்றைக்கு எழுபத்தொன்று. மீன் விற்கும் அந்தப் பெண், "பொட்டியோட சொந்தக்காரம்மா வந்தாச்சுப்பா, வழி விடுங்க!" என்றாள். கூடம் முழுக்கச் சிரிப்பு. நான் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன்.

"எண் ஒன்று, இரண்டாம் அறைக்கு வரவும்."

சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டு. மூன்று. நாலு. எல்லாரும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். சுவன்னி அம்மா இரண்டு மீன்காரிகளுக்கு நடுவில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அந்த இருவருக்கும் சேர்த்து விசிறினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் துவாங் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபதில் சீட்டைப் பிரித்துப் பார்த்தார். முப்பதில் மறுபடி பார்த்தார். "எண் முப்பத்தேழு" என்று பெட்டி கூப்பிட்டதும், தம்பி, அவர் எழுந்துவிட்டார். இன்னும் அவரை யாரும் கூப்பிடவில்லை. எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கதவைப் பார்த்து நின்றார். அடுத்தது தான்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நான் மேசைக்கு அடியில் குனிந்து அழுதுவிட்டேன். இயக்குநர் படியிலிருந்தே தலையசைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். பெட்டி இங்கேயேதான் இருக்கும்.

கால் பிழைத்துக்கொள்ளும், பதினைந்து நாள் கட்டு மாற்ற வேண்டும் என்றார் டாக்டர். மருந்தை வாங்கிக்கொண்டு போகிறபோது மாமா என் மேசையில் வாழையிலைப் பொட்டலம் ஒன்றை வைத்தார். ஆற்று மீன், சுட்டது. "உன் தம்பிச் சாமிதான் அங்க கடைசியாமே. இதக் கடைசிப் பாத்திரத்துல போடச் சொல்லும்மா. நடுவுல யாரும் எடுத்துடாமப் பாத்துக்கச் சொல்லு" என்றார்.

நாளைக் காலை அம்மா கொண்டுவருவாள். வரிசை முடியும்வரை பொட்டலத்தைப் பிரிக்க மாட்டாள்.

அக்கா,
பிகுன்